அக்காவுக்கு எடுத்து வைத்த பல்

என் அக்காவின் கணவரை ஊரில் பல்லுக்காரர் என்பார்கள். எனக்கு மாமா. அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பல்லைப் பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர். டாக்டர் நோயாளியின் வாயில் மாவை வைத்து அமுக்கி அச்சு எடுப்பார். அந்த அச்சு ஈரத்துணி சுற்றி மாமாவின் பட்டறைக்கு வரும். மாமா அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவார். இறுகிய பிறகு பிரித்தால் வெள்ளையாக ஒரு வாய் கையில் நிற்கும். ஈறு, பல், பல் போன பள்ளம், மேலண்ணத்து வரிகள் எல்லாம் அதில் இருக்கும். அதன் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல் பதித்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஈறு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். அந்த வாய்க்குச் சொந்தக்காரரை அவர் பார்க்கவே மாட்டார்.

ஆனால் வாயை மறக்க மாட்டார். கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால் மாமா முழங்கையால் என்னை இடித்து, "நம்ம செட்டு" என்பார். ஆளின் பெயர் தெரியாது, தொழில் தெரியாது. இடது கடைவாயில் கடி சரியாக உட்காராமல் அந்தச் செட்டு என்ன பாடு படுத்தியது என்பது மட்டும் ஒன்றுவிடாமல் தெரியும். இதனால் சொந்தக்காரர்கள் பலர் அவர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பார்கள். அவரோ கையை விலக்கச் சொல்லிப் பார்ப்பார். மனிதருக்கு வெட்கம் என்பதே கிடையாது.

அக்கா அவர் முன்னால் வாயைப் பொத்தாத ஒரே ஆள். அவள் எங்குமே வாயைப் பொத்தியதில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், கழிப்பறை வரிசையில் நிற்கிறவன்கூட ஒரு நொடி பேச்சை நிறுத்துவான். நான் அதே நிலையத்தில் டைம் கீப்பர். நான் சீட்டில் எழுதி அனுப்புவதை அவள் படிப்பாள். படிப்பதோடு விட மாட்டாள். மூட்டை முடிச்சோடு ஓடிவருகிற குடும்பத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டால், "ஓட வேண்டாம், வண்டி நிற்கும், குழந்தையைக் கையில் பிடித்து வாருங்கள்" என்று மைக்கிலேயே சொல்லிவிடுவாள். விதியில் இடமில்லை. ஆனாலும் யாரும் அவளைக் கேட்டதில்லை. டிரைவர், கண்டக்டர், பெட்டிக்கடைக்காரர் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

மாமாவின் பட்டறை நிலையத்தின் பின்மதிலை ஒட்டி, ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. ஒரே அறை. ஜன்னலோரம் நீள மேஜை, மேஜையில் பிளாஸ்டர் குழைக்கும் ரப்பர்க் கிண்ணம், மெழுகு உருக்கும் விளக்கு, மூலையில் மெருகு போடும் மோட்டார். சுவர் முழுக்கப் பலகை அடித்து வெள்ளை வெள்ளையாக வாய்களை அடுக்கியிருப்பார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே நிலையத்தின் ஒலிபெருக்கி. பகல் முழுவதும் பெண்டாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டே வேலை செய்த மனிதர் அவர். "வீட்டுலயும் இந்தக் குரல், இங்கயும் இந்தக் குரல், நான் எங்கதான் போறது" என்று சலித்துக்கொள்வார். அக்கா விடுப்பு எடுத்த நாளில் ஜன்னலைப் பார்த்துப் பார்த்து வேலையைக் கெடுப்பார்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மற்ற வீடுகளில் மனைவிக்கு நகை சேர்ப்பார்கள். மாமா பல் சேர்த்தார். கல்யாணமான புதிதில் பல் விற்கும் வியாபாரி ஒருவர் வெளிநாட்டு உயர்ரகப் பல் வரிசை ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மெழுகுப் பட்டையில் பதித்த மேல் வரிசை, கீழ் வரிசை. நிறம் அக்காவின் பல் நிறம். அச்சு அசல் அவள் பல்தான். மாமா கையிலிருந்ததையெல்லாம் கொடுத்து அதை வாங்கி, ஒரு சின்னத் தகரப் பெட்டியில் போட்டு, பீரோவில் அவள் வளையல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "உனக்கு எப்ப வேணும்னாலும் ரெடி" என்றாராம். புதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? அக்கா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நகையைக் காட்டுகிற மாதிரி அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவாள். "எனக்கென்ன கவலை? பல்லு கொட்டிப்போனா வீட்டுக்குள்ளயே ஃபாக்டரி இருக்கு."

இந்த வேடிக்கைதான் அவர்களைக் கெடுத்தது என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பல் போனால் என்ன ஆகும் என்ற பயம் எல்லா வீட்டிலும் கொஞ்சமாவது இருக்கும். அந்த வீட்டில் அது இல்லாமலே போயிற்று.

அக்கா பல் தேய்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அடுப்பைப் பார்ப்பாள், துணியை உதறுவாள், எனக்குப் போன் செய்து குழறுவாள். பிரஷ் முன்பல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே வந்துவிடும். ராத்திரி தேய்க்கிற வழக்கமே இல்லை. பல் இடுக்கில் மாட்டிய வேர்க்கடலைத் துணுக்கைச் சேலை ஊசியால் குத்தி எடுப்பாள். பிறகு ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. நிலையத்தில் கை கழுவும் தொட்டியில் அவள் வாய் கொப்பளித்துத் துப்பியதை நானே பார்த்தேன். தண்ணீர் சிவந்திருந்தது.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லடா, உடம்பு சூடு. உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன். பிரஷ் முரடாம், அந்தப் பக்கம் தேய்க்க வேணாம்னுட்டார். புண்ணு இருக்குற எடத்தையே சுரண்டிட்டு இருந்தா ஆறுமா?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பல் தொழிலே செய்கிற மனிதர் சொல்லியிருக்கிறார், டைம் கீப்பர் எனக்கு என்ன தெரியும்? ரத்தம் வந்த பக்கம் பிரஷ் போவது நின்றது. பிரஷ் போகாத பக்கம் அழுக்கு படிந்து, இன்னும் வீங்கி, இன்னும் ரத்தம் வந்தது. வீக்கம் மறுபக்கத்துக்கும் பரவியதும் அந்தப் பக்கத்தையும் விட்டார்கள். வாய் நாற்றத்துக்கு அவள் கிராம்பை அடக்கிக்கொண்டாள். மைக் முன்னால் உட்காரும்போது புதினா மிட்டாய். கிராமபோன் பெட்டி மாதிரி குரல் மட்டும் கணீரென்று வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நடுவில் ஒரு தடவை நிலையத்து ஊழியர்களுக்கென்று பல் பரிசோதனை முகாம் நடந்தது. பல்லடியில் அழுக்கு இறுகிக் காரை படிந்திருக்கிறது, சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் மாமா ஒரே பிடியாக மறுத்தார்.

"வேணவே வேணாம். எத்தனை வாயைப் பாத்திருக்கேன்? காரைதான் பல்லைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. செங்கல்லு நடுவுல இருக்குற பூச்சைச் சொரண்டி எடுத்தா செவுரு நிக்குமா? சுத்தம் பண்றேன்னு கைய வெச்சா ஆடாத பல்லும் ஆடும்."

பிளாஸ்டர் குழைத்தே வாழ்ந்த மனிதருக்கு அப்படித்தான் தோன்றும். அக்காவும் தலையை ஆட்டினாள். அவர் பேச்சை அவள் தட்டாமல் கேட்டது வாழ்க்கையில் இந்தப் பல் விஷயத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

கீழ் வரிசையில் முதல் பல் ஆடியபோது அவள் முகத்தில் கவலையே இல்லை. எங்களை உட்கார வைத்து, நாக்கால் தள்ளி ஆட்டிக் காட்டினாள். "இந்தாங்க, உங்க வேலைக்கு நாள் குறிச்சாச்சு. பெட்டியைத் தூசி தட்டி வைங்க." மாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதை நான் பார்த்தேன். ஊருக்கெல்லாம் செய்தாயிற்று, கடைசியில் தன் வீட்டு வாய்க்குச் செய்யப்போகிறோம் என்கிற சந்தோஷம். மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு மாமா எத்தனையோ வருடங்களாகச் செட்டு செய்து கொடுக்கிறார். ஆனால் பின்வாசல் வழியாகச் செட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது வழக்கம். நோயாளி படுக்கிற நாற்காலிப் பக்கம் அவர் வந்தது அன்றுதான். அக்காவைச் சாய்த்து, விளக்கை வாய்க்கு நேராக இழுத்து, டாக்டரம்மா உதட்டை விலக்கினார். மாமா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஈறு கருஞ்சிவப்பாக உப்பியிருந்தது. பல்லின் அடிப்பக்கம் மஞ்சளும் கறுப்புமாகக் காரை. டாக்டரம்மா மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் தொட்டு ஆழம் பார்த்தார், தொட்ட இடமெல்லாம் ரத்தம் ஊறியது. மாமா வாழ்நாளில் பார்த்த ஈறெல்லாம் வெள்ளை, செய்த ஈறெல்லாம் ரோஸ். ரத்தம் வருகிற ஈறை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"அண்ணா, இந்தக் கம்பி உள்ள போகுதே, அதான் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விழுந்த பள்ளம்," என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு ஆழம் போகக் கூடாது."

"பள்ளமா? நான் பாத்ததில்லையேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இது அச்சுல விழாது."

பிறகு எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தும் வீராப்பை விடாமல், "எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா. நான் கீழ் செட்டு ஒண்ணு போட்டுத் தந்துடுறேன். பல்லு ரெடியா இருக்கு," என்றார்.

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "பல்லு இருக்கு சரி. எதுமேல உட்கார வைப்பீங்க?"

மாமா எக்ஸ்ரேயை வாங்கி மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

பட்டறையில் மாமா ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். பல் போன பிறகு ஈறு மேடாக நிற்குமே, அதை வரப்பு என்பார். வரப்பு உயரமாக இருந்தால் செட்டு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வரப்பே இல்லாமல் தட்டையாகப் போன வாய் வந்தால், "மொட்டை வந்திருக்கு" என்று தலையில் கை வைப்பார். அதிலும் கீழ்த்தாடை மொட்டையாக இருந்தால் தலைகீழாக நின்றாலும் செட்டு நிற்காது, நாக்கு அசைகிறபோதெல்லாம் எழும்பும். வயசாயிட்டா மொட்டைதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றுதான் டாக்டரம்மா அதையும் சொன்னார். வயதும் ஒரு பங்குதான். வருடக்கணக்காக ஈறு சீழ் பிடித்துக் கிடந்தால், காரையில் குடியிருக்கிற கிருமியின் தொல்லை தாங்காமல் உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகும். பல் ஆடுவது எலும்பு போன பிறகுதான். மற்றவர்களைப் போல எலும்பில் திருகு ஆணி இறக்கிப் பல் நடலாம் என்றால், அதற்கும் எலும்பு போதாது.

"ரத்தம் வந்தப்பவே வந்திருக்கலாமே," என்றார் டாக்டரம்மா, அக்காவிடம்.

"ரத்தம் வந்துச்சுன்னு தேய்க்கிறதை நிறுத்திட்டோம் டாக்டர்."

"ரத்தம் வர்ற எடத்துலதாம்மா பிரஷ் போகணும். மெத்துன்னு ஒரு பிரஷ், ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வெச்சு, மெதுவா, சின்னச் சின்ன வட்டமா. காலைலயும் படுக்கும்போதும். இடுக்குல நூல் விடணும். அப்பப்ப வந்து காரையை எடுத்துக்கணும். இவ்வளவுதான். இதுக்கு மேல இதுல வித்தையே இல்லை."

இவ்வளவுதான் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா மேல் இல்லை, என் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த மனிதர் மேல். வாயும் பல்லுமாகவே வாழ்ந்தவருக்கு இவ்வளவு சின்ன விஷயம் தெரியவில்லையே என்று கத்தத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஈறுக்குள்ளே ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். அதில் மேல் வரிசையில் முன்பற்கள் ஆறும் ஓரமாக ஓரிரண்டும் தப்பின. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இவை பல வருடம் நிற்கும் என்றார் டாக்டரம்மா. கீழ் வரிசையைக் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார்கள். காயம் ஆறி அச்சு எடுத்து, அந்த அச்சு ஈரத்துணி சுற்றி மாமாவின் பட்டறைக்கு வந்தது. மாமா பிளாஸ்டர் ஊற்றினார். இறுகியதும் பிரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மொட்டை. அவர் விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தடவிப் பார்த்தார். தடுக்குகிற மாதிரி ஒரு மேடும் இல்லை.

இருந்தாலும் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தார். அந்தச் செட்டுக்கு அவர் உழைத்த மாதிரி எதற்கும் உழைத்ததில்லை. மெழுகை வைப்பதும் கலைப்பதும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், மறுபடி கலைப்பதுமாக இருந்தார். முடிந்தபோது அப்படி ஓர் அழகு. அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். பழைய சிரிப்பு அப்படியே திரும்பியிருந்தது. "ஆனானப்பட்ட டாக்டரெல்லாம் கைய விரிச்சாங்க, பாத்தியா உங்க மாமா வேலையை," என்றாள் என்னிடம். பேசும்போது கீழ் வரிசை லேசாக எழும்பி, மேல்பல்லில் இடித்தது. மூவரும் கேட்டோம். மூவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

மறுநாள் அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் சீட்டு அனுப்பினேன்.

"பயணிகளின்," என்றாள். டக். "கவனத்திற்கு," டக்.

வீட்டில் சின்னச் சத்தம். மைக் வழியாகப் போனபோது நிலையம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே கடித்துக்கொண்டு, மீதியைப் படித்து முடித்தாள். எனக்கு மாமாவின் ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்த ஒலிபெருக்கி அவர் காதுக்கு நேராகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். செட்டு செய்யும் வேலை எதுவும் நடக்கவில்லை. மேஜையில் அக்காவின் பிளாஸ்டர் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் 'ளி'லயும் 'ற்'லயும் எழும்புது," என்றார். "நாக்கு மேல போகுதுல்ல, அப்ப."

"சரி பண்ணிடலாமா மாமா?"

"பாக்குறேன்."

பார்த்தார். அடியில் மெத்தென்ற பூச்சு கொடுத்தார். ஓரத்தைக் குறைத்தார், நீட்டினார். மொத்தமாகக் கலைத்து வேறு ஒன்று செய்தார், அதையும் கலைத்தார். பசை போட்டு ஒட்டிப் பார்த்தார்கள், அறிவிப்பு இரண்டு தாங்கும், பிறகு எச்சிலில் ஊறி விட்டுவிடும். அக்கா தன் பங்குக்குச் சொற்களை மாற்றிப் பார்த்தாள். 'பயணிகளின்' என்பதை விட்டுவிட்டு நேராக வண்டி எண்ணைச் சொன்னாள். ஆனால் நாக்கு எழும்பாமல் தமிழ் பேசுவது எப்படி? கடைப்பையன்கள் அவள் பேசும்போது கூடவே நாக்கால் டக், டக் என்று தட்டினார்கள். அவள் மைக்கிலேயே, "அங்க என்ன தாளம்?" என்று அதட்டினாள். அதிலும் ஒரு டக். அன்றைக்கு மாமா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர். மூன்று நாளாகச் சொல்ல வந்து சொல்லாமல் போய், கடைசியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மேலிடத்துக்குப் புகார் போயிருக்கிறது. அக்காவைப் பார்சல் அறைக்கு மாற்றியாயிற்று. சம்பளம் அதேதான், ஒன்றும் குறையாது.

"குறையாதுல்ல?" என்றாள் அக்கா, நான் போய்ச் சொன்னபோது. பிறகு, "புதுசா வர்ற பொண்ணு மைக் ஒயரை இழுத்துடக் கூடாதுன்னு சொல்லு. அது கொஞ்சம் லூசு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையைத் துடைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

பார்சல் அறையில் யாரும் பேச வேண்டியதில்லை. மூட்டையை எடை போட்டு, சீட்டு ஒட்டி, அடுக்க வேண்டும். செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிடுவாள். பேசினாலும் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். வெளியே புதுப் பெண்ணின் குரல் தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பழக்க தோஷத்தில் அக்காவின் உதடு கூடவே அசையும்.

மோசம் என்னவென்றால், மேலே மிச்சமிருந்த பல்லையும் அவள் கைவிட்டாள். பிரஷ் காய்ந்து கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் அவர்கள் வீட்டில் இருந்தபோது அதைப் பார்த்துவிட்டு நான் சத்தம் போட்டேன்.

"டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மேல இருக்குறதையாவது பாத்துக்கக் கூடாதா?"

"எதுக்குடா? கீழ போயாச்சு. மேல இருந்து யாருக்கு அறிவிப்பு சொல்லப் போறேன்? போனா போகட்டும். பெட்டியில இன்னொரு வரிசை சும்மாதானே கிடக்கு?"

மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார், பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். மேல் செட்டுக்கு இப்போதே முன்னேற்பாடு செய்யப் போகிறார் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில நாள் கழித்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் திறந்து வைத்தார். உள்ளே வெறும் மெழுகுப் பட்டை. பல் இருந்த குழிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"மேல் வரிசை எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"தெரியாது. டாக்டரம்மாகிட்டேருந்து ஒரு அச்சு வந்துச்சு. யாரோ ஒரு அம்மா. உன் நிறம்தான் கேட்டிருந்தாங்க. வெச்சுட்டேன்."

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குன்னு எடுத்து வெச்சதுங்க அது. கல்யாணம் ஆன வருஷம் எடுத்து வெச்சது."

"ஆமா. அதான் குடுத்தேன்." அவர் குரல் உடைந்தது. "அது பீரோவுல இருக்குற வரைக்கும் நீ உன் பல்லைப் பாக்க மாட்ட. நானும் பாக்கல. இவ்வளவு வருஷமா நான் உன் வாய்க்குள்ள எட்டிப் பாத்திருக்கேனா? பெட்டியைத்தான் பாத்தேன். இனிமே என்கிட்ட உனக்குப் பல்லு கிடையாது. உன் வாயில இருக்குறதுதான்."

அக்கா அவரோடு பேச்சை நிறுத்தினாள். நகையை அடகு வைத்தவனைக்கூட ஒரு பெண் மன்னித்திருப்பாள். அந்த வாரம் நிலையத்துக்கு வெளியே பழக்கடையில் நானும் மாமாவும் நின்றபோது, ஒரு பெண்மணி கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். மேல் வரிசை பளிச்சென்று இருந்தது. முழங்கை வரும் என்று எதிர்பார்த்தேன். மாமா ஒன்றும் வாங்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பேச்சு இல்லாவிட்டாலும், அக்கா பிரஷ்ஷை எடுத்தாள். கோபத்தில்தான் எடுத்தாள். இனி போனால் போனதுதான் என்பது முதல் தடவையாக மண்டையில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் விட்டுவைத்த ஈறு மறுபடி வீங்கியிருந்தது. தேய்த்த முதல் நாளே நுரை சிவந்து வந்தது. பயந்துபோய், பேசக் கூடாது என்பதை மறந்து, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

மாமா ஓடிவந்தார். தொட்டியைப் பார்த்தார். 'விட்டுடு, தேய்க்காதே' என்பது அவர் நாக்கு நுனி வரை வந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். விழுங்கிக்கொண்டார். "அந்த எடத்துலதான் தேய்க்கணும்னாங்க," என்றார். "மெதுவா. சாய்ச்சுப் பிடி."

இப்போதும் தினமும் அதேதான். காலையிலும் படுக்கப் போகும் முன்பும் அவள் தொட்டியடியில் நின்று தேய்ப்பாள், அவர் பக்கத்தில் நூலைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ வாய்களைச் செய்த கை அது. அந்த நூலை அவள் வாய் வரை கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார், அவளே வாங்கிக்கொள்கிறாள். நேற்று நான் போனபோது முன்பல் ஒன்று ஆடுகிற மாதிரி இருப்பதாகச் சொன்னாள். நாக்கால் தள்ளிக் காட்டவில்லை, நாக்கைப் படாமல் அடக்கிக்கொண்டு சொன்னாள். டாக்டரம்மாவிடம் போகத்தான் போகிறார்கள். அவரும் என்ன சொல்வாரோ.

தேய்த்து முடித்துத் துப்பினாள். தண்ணீர் திறக்காமல் கேட்டாள்:

"நேத்தைவிட இன்னைக்குக் கம்மியா இருக்குங்களா?"

மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கி, தொட்டிக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு செட்டில் முடியளவு கடி மாறினாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற மனிதர். அந்தச் சிவப்பு நுரையை வெகு நேரம் பார்த்தார்.

"தெரியலயேம்மா," என்றார்.